பள்ளியில் மூச்சுப் பயிற்சி: எட்டாயிரம் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தபோது

"எட்டாவது படிக்கிறான், எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறான், ஸ்கூலில் யோகா வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்களாம், சேர்த்துவிட்டால் அடங்குவானா?" சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த "அடங்குவானா" என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் உடம்பிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அங்கே சந்தேகத்துக்கு இடம் குறைவு. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்துப் பாருங்கள், துடிப்பு கொஞ்சம் வேகமாகும். மெதுவாக விட்டுப் பாருங்கள், குறையும். வெளிமூச்சின்போது மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கிப் போகும் வேகஸ் நரம்பு இதயத்துக்கு லேசாக பிரேக் போடுகிறது, அவ்வளவுதான் சங்கதி. பதற்றத்தில் இருப்பவர் மூச்சை நீளமாக வெளியே விட்டால் உடம்பு இறங்கி வருவது இதனால்தான். சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகிறோம், அதை ஆறு அளவுக்குக் குறைத்தால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரு தாளத்துக்கு வருகின்றன. இது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் நடக்கும், அறுபது வயதுத் தாத்தாவுக்கும் நடக்கும்.

அடுத்து அந்த வயதின் மூளை. எரிச்சல், பயம், ஆசை, அவமானம் இவற்றையெல்லாம் கிளப்பிவிடும் பகுதிகள் பதின்மூன்று பதினான்கு வயதில் முழு வேகத்தில் வேலை செய்கின்றன. "கொஞ்சம் பொறு, யோசி" என்று சொல்ல வேண்டிய நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி முதிர்ந்து முடிய இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிறது. அதோடு தூக்கம் வேறு. பருவமடையும்போது உடம்புக் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, இரவு பதினொரு மணி வரை தூக்கம் வராது, காலையில் எழுந்திருக்க முடியாது. இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறோம். ஆக, அந்தப் பையன் எரிந்து விழுவது பெற்றோரை மதிக்காததால்தான் என்று முடிவுகட்ட வேண்டாம், அவனுக்குள் பிரேக் இன்னும் முழுசாகப் பொருத்தி முடியவில்லை. மூச்சு அந்த பிரேக்கை வெளியிலிருந்து கொஞ்சம் மிதிக்க உதவும், பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்தால் எல்லாப் பிள்ளைக்கும் போய்ச் சேருமே என்ற நம்பிக்கை வந்தது இப்படித்தான். நியாயமான நம்பிக்கைதான்.

மைண்ட்ஃபுல்னெஸ் என்பது இதற்குப் பக்கத்து வீடு. 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபட்-ஜின் என்பவர், மருந்துக்கு அடங்காத வலியோடு வந்த நோயாளிகளுக்காகச் சில வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பௌத்த தியானத்திலிருந்தும் யோகாவிலிருந்தும் எடுத்ததுதான், ஆனால் சடங்கு, மந்திரம் எதுவும் இல்லாமல் கொடுத்தார். இந்த நொடியில் உடம்பில் என்ன நடக்கிறது, மனதில் என்ன ஓடுகிறது என்று நல்லது கெட்டது பார்க்காமல் கவனிப்பது, அதுதான் சாரம். பெரியவர்களுக்கு, அதுவும் தாங்களே தேடி வந்தவர்களுக்கு, அது உதவியது. பிறகு அதைப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி சுருக்கி வகுப்பறைக்குக் கொண்டு போனார்கள்.

பிரிட்டனில் மிரியட் என்ற பெயரில் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், வெல்கம் அறக்கட்டளையின் பணம், 84 பள்ளிகள், 11 முதல் 13 வயது வரையிலான 8,376 மாணவர்கள். பாதிப் பள்ளிகளில் பத்துப் பாடம் கொண்ட மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு, மீதியில் வழக்கமாக நடக்கும் மனநல, வாழ்க்கைத் திறன் வகுப்புகள். எந்தப் பள்ளிக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தேர்ந்தெடுத்தார்கள். பாடம் நடத்திய ஆசிரியர்களும் அவசரத்துக்குப் பிடித்து நிறுத்தப்பட்டவர்கள் இல்லை, தாங்களே முதலில் அந்தப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு, பிறகு சொல்லிக்கொடுப்பதற்கும் தனியாகப் பயிற்சி எடுத்தவர்கள். இதைவிடக் கவனமாக ஒரு சோதனையை நடத்துவது கஷ்டம்.

2022 ஜூலையில் முடிவு வந்தது. மனச்சோர்வுக்கான வாய்ப்பு, மற்றவர்களோடு பழகும் விதம், பொதுவான மனநலம், மூன்றிலும் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். மைண்ட்ஃபுல்னெஸ் படித்தவர்கள் கூடுதலாக எதையும் பெறவில்லை. அதைவிட முக்கியமாக நான் நினைப்பது இன்னொன்று: ஏற்கனவே மனச்சிக்கலில் இருந்த பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு கொஞ்சம் பாதகமாகவே போயிருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். ஆசிரியர்களுக்குத்தான் பலன் தெரிந்தது, அவர்களுடைய களைப்பும் சலிப்பும் குறைந்தன, அதுவும் நாளாக நாளாக மங்கியது.

இது மட்டும் என்றால் ஒதுக்கிவிடலாம். அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவில் இதே பாடத்திட்டத்தை வைத்து நடத்திய சோதனையிலும் முன்னேற்றம் தெரியவில்லை. 2023இல் சிட்னியிலிருந்து வந்த மற்றொரு ஆய்வு, மைண்ட்ஃபுல்னெஸையும் உணர்ச்சிகளைக் கையாளும் திறன்களையும் எட்டு வாரம் சொல்லிக்கொடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அதில் இருந்தார்கள். பயிற்சி முடிந்த கையோடு பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களிடம் பதற்றமும் சோர்வும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன, பெற்றோரோடு உறவும் கொஞ்சம் மோசமாகியிருந்தது. பிரச்சினை எதுவும் இல்லாத பிள்ளையை உட்காரவைத்து "உனக்குள் என்ன கஷ்டம் இருக்கிறது, கவனி, கவனி" என்று வாரா வாரம் சொன்னால் அது இல்லாத கஷ்டத்தையும் தேட ஆரம்பித்துவிடுமோ என்ற கேள்வியை இப்போது இங்கிலாந்து உளவியலாளர்கள் சிலர் வெளிப்படையாகவே எழுப்புகிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப் படுகிறது.

மூச்சு உடம்பில் வேலை செய்வது உறுதி, பிறகு ஏன் வகுப்பறையில் தோற்றது? பதிலில் ஒரு பெரிய பங்கு மிரியட் ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் செய்து பார்க்கச் சொன்ன பயிற்சியைப் பத்தில் எட்டுப் பேர் செய்யவே இல்லை. போரடித்தது என்று நிறையப் பேர் சொன்னார்கள். நீச்சலைப் பற்றிப் பத்துப் பாடம் கேட்டுவிட்டு, கிணற்றில் இறங்காமல் இருந்த கதைதான். செய்த கொஞ்சப் பேருக்குப் பலன் இருந்ததா என்றால், சிட்னி ஆய்வில் வீட்டில் கூடுதலாகப் பயிற்சி செய்தவர்களுக்கு முடிவு கொஞ்சம் நன்றாகவே இருந்தது. ஆனால் அவர்கள் செய்ததற்குக் காரணமே அவர்களுக்கு வேண்டும் என்று பட்டதுதானே. வேண்டும் என்ற எண்ணத்தைப் பாடத்திட்டத்தில் எழுதிச் சேர்க்க முடியாது.

இங்கே நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவர் வேலை பார்க்கும் பள்ளியில், ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு யோகா வகுப்பு நடந்தபோது ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மேல்மாடி ஹாலில் ஜமக்காளம் விரித்து அறுபது பேர், மின்விசிறி மூன்று, மதிய வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. பி.டி. சார் நல்ல மனிதர், பையன்களுக்கு அவர் என்றால் உயிர். "எல்லாரும் கண்ண மூடுங்க, மூச்ச கவனிங்க" என்றார். முதல் வரிசையில் யாரோ சிரிக்க, சிரிப்பு பின்வரிசை வரை போனது, சார் விசிலை எடுத்தார், அடங்கியது. மூன்றாவது வரிசையில் ஒரு பையன் மட்டும் கண்ணை மூடவே இல்லை. சிரிக்கவும் இல்லை, ஜமக்காளத்தின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தான், முதுகு விறைத்திருந்தது. வகுப்பு முடிந்து சார் அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டார், திட்டாமல்தான் கேட்டார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு, "கண்ண மூடினா வீட்ல நடந்ததுதான் சார் வருது" என்றான்.

அந்தப் பதிலுக்குப் பிறகு சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவனுடைய தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அடி உதை நடக்கும் வீட்டில், குடித்துவிட்டு வரும் அப்பா உள்ள வீட்டில், இறப்பு நடந்த வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கண்ணை மூடி உள்ளே பார் என்பது ஓய்வாக இருக்காது. அவன் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே தன்னைக் காத்துக்கொள்ளத்தான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மூச்சைக் கவனிக்கச் சொல்வதைவிட, பாதம் தரையில் படுவதைக் கவனி, இந்த அறையில் நீல நிறத்தில் என்னென்ன இருக்கிறது சொல்லு என்று வெளியே பார்க்கச் சொல்வது நல்லது. கண்ணை மூடுவது எப்போதும் அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும். இதைத் தெரிந்தவர்தான் வகுப்பு எடுக்க வேண்டும் என்பேன், ஆசனம் எத்தனை தெரியும் என்பதெல்லாம் அப்புறம். அந்தப் பையனை அடுத்து யாரிடம் அனுப்புவது என்று பள்ளிக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். யோகா வகுப்பு ஒரு மனநல ஆலோசகரின் வேலையைச் செய்யாது. அவசரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள். அந்த எண்ணை வகுப்பறைச் சுவரில் எழுதிவைக்கப் பெரிய செலவு ஆகாது.

சரி, எங்கேயும் பலன் கிடைக்கவில்லையா என்றால், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தைப் பார்க்க வேண்டும். வறுமையும் துப்பாக்கிச் சத்தமும் அன்றாடம் உள்ள பகுதிகள் அங்கே உண்டு. அந்த ஊரிலேயே வளர்ந்த அலி ஸ்மித், ஆத்மன் ஸ்மித் என்ற அண்ணன் தம்பியும் அவர்கள் நண்பர் ஆன்ட்ரெஸ் கொன்சாலெஸும் சேர்ந்து 2001இல் ஹோலிஸ்டிக் லைஃப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கிப் பிள்ளைகளுக்கு யோகா சொல்லிக்கொடுத்தார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 97 பேரை வைத்து நடந்த சின்ன ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம். நடந்ததையே திரும்பத் திரும்ப நினைத்துக் குமைவதும், வேண்டாத எண்ணங்கள் வந்து மொய்ப்பதும் அந்தப் பிள்ளைகளிடம் குறைந்தன. அதே ஊரில் 2016இல் வந்த மற்றோர் ஆய்வு, 300 மாணவர்கள், ஐந்தாவதிலிருந்து எட்டாவது வரை. கபட்-ஜின் பயிற்சியை அந்த வயதுக்கு ஏற்ற மாதிரி மாற்றி, அனுபவமுள்ளவர்கள் நடத்தினார்கள். மனச்சோர்வு, தன்மீதே வரும் வெறுப்பு இரண்டும் சுகாதாரப் பாடம் படித்த மற்ற குழுவைவிடக் குறைந்தன.

பிரிட்டனில் நடந்ததற்கும் பால்டிமோரின் முதல் ஆய்வுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தால், வாரம் ஒரு பாடமாகப் பத்து வாரம் எங்கே, வாரம் நான்கு நாள் எங்கே என்பது முதலில் கண்ணில் படுகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது சொல்லிக்கொடுத்த ஆட்கள். அதே தெருவில் வளர்ந்தவர்கள், பிள்ளைகளின் வீடு தெரிந்தவர்கள், பள்ளி விட்ட பிறகும் கூட இருந்தவர்கள். ராபர்ட் கோல்மன் என்ற தொடக்கப் பள்ளியில் இவர்கள் ஓர் அறையையே ஒதுக்கினார்கள். சண்டை போட்ட பிள்ளையைத் தண்டனையாக உட்காரவைக்காமல் அந்த அறைக்கு அனுப்புவார்கள், அங்கே மெல்லிய விளக்கு, மெத்தைகள், ஒரு பெரியவர். என்ன நடந்தது என்று பிள்ளை சொல்லும், இருவரும் சேர்ந்து மூச்சு விடுவார்கள், அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று பேசுவார்கள். மூச்சு எவ்வளவு வேலை செய்தது, காது கொடுத்துக் கேட்க ஒரு பெரியவர் கிடைத்தது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் மனசு இரண்டாவதற்குத்தான் அதிகம் சாய்கிறது.

நம் நாட்டில் நடந்த ஓர் ஆய்வும் எனக்குப் பிடித்தது. ஹரித்வாரில் 8 முதல் 13 வயதுப் பிள்ளைகள் 98 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு யோகா, மறு பாதிக்கு ஓட்டம், உடற்பயிற்சி, விளையாட்டு என்று மூன்று மாதம், வாரம் ஐந்து நாள் கொடுத்தார்கள். 2013இல் வெளியானது. இரண்டு பக்கமும் நிறைய விஷயங்களில் முன்னேற்றம் இருந்தது. ஆனால் கூட்டாளிகளுக்கு நடுவில் தன்னைப் பற்றிய மதிப்பு எந்தக் குழுவுக்குக் கூடியது தெரியுமா? விளையாடிய குழுவுக்கு. ஆய்வு நடத்தியவர்கள் பதஞ்சலி யோக ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்தவர்கள், அவர்களே இதை மறைக்காமல் எழுதினார்கள், பாராட்ட வேண்டும்.

நம் பள்ளிகளில் பி.டி. பீரியட் என்ன ஆகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அரையாண்டு நெருங்கினால் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார், பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பீரியடே இருக்காது. காலை ஐந்தரைக்கு டியூஷன், பள்ளி முடிந்து ஸ்பெஷல் கிளாஸ், ராத்திரி பத்து வரை வீட்டுப்பாடம், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். இந்த அட்டவணையில் ஒரு நிமிஷத்தைக்கூடக் குறைக்காமல், அதன் மேலேயே இருபது நிமிடம் "மன அழுத்தம் போக்கும் வகுப்பு" என்று ஒன்றை வைப்பது பிள்ளைக்கு அநியாயம். மூச்சை ஒழுங்காக விடக் கற்றுக்கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு மூச்சுவிட நேரம் கொடுக்காமல் இருக்கிறோம். முதலில் விளையாட்டுப் பீரியடைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கவிட வேண்டும், யோகா அதற்கு அடுத்துதான்.

இப்போது அந்த "அடங்குவானா". பள்ளியில் யோகா என்பது புதுசும் இல்லை. மகாராஷ்டிரத்தின் ஔந்த் சமஸ்தானத்து ராஜா போன நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தன் பள்ளிகளில் சூரிய நமஸ்காரத்தைக் கொண்டுவந்தார். 1933இல் மைசூர் அரண்மனையில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியா நடத்திய யோகசாலையில் மாணவர்கள் பெரும்பாலும் பையன்கள்தான், அதனால் அங்கே வேகமான, தாவிக் குதிக்கும் ஆசன வரிசைகள். பின்னாளில் பெயர்பெற்ற யோக ஆசிரியர்களான இருவர் அவரிடம் படித்தவர்கள்தான். பி.கே.எஸ். ஐயங்கார் நோஞ்சானாக, காசநோயும் மலேரியாவும் பார்த்த உடம்போடு அங்கே போய்ச் சேர்ந்தபோது பதினைந்து பதினாறு வயது. பட்டாபி ஜோயிஸ் கிருஷ்ணமாச்சாரியாவிடம் கற்கத் தொடங்கியபோது பன்னிரண்டு. அதே கிருஷ்ணமாச்சாரியா பின்னாளில் சென்னைக்கு வந்து குடியேறிய பிறகு, வந்தவர்களை வரிசையில் நிறுத்தவில்லை. ஒவ்வொருவராக உட்காரவைத்து, வயசு என்ன, உடம்பு எப்படி, தூக்கம் எப்படி என்று பார்த்து, ஆளுக்குத் தகுந்த பயிற்சி கொடுத்தார். 1976இல் அவர் மகன் தேசிகாச்சார் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரமும் அந்த வழியில்தான் வந்தது. ஆளைப் பார்த்துப் பயிற்சி, பயிற்சிக்காக ஆளை வளைப்பது கிடையாது. அறுபது பேரை ஒரே விசிலில் அடக்கும் வகுப்பு எதை இழக்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே பதில் இருந்திருக்கிறது. வகுப்பு அமைதியாக வேண்டும் என்பது ஆசிரியரின் தேவை, வீட்டில் பேச்சு கேட்க வேண்டும் என்பது பெற்றோரின் தேவை, இரண்டும் நியாயமானவைதான். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு மோப்பம் நன்றாகவே உண்டு, தன்னை அடக்கத்தான் இதைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று தெரிந்த நிமிஷத்தில் அது கதவைச் சாத்திவிடும்.

மதம் பற்றிய கேள்வியையும் தள்ளிவிட முடியாது, நம் வகுப்பறைகளில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் என்சினிடாஸில் பட்டாபி ஜோயிஸ் பெயரிலான அறக்கட்டளையின் பணத்தில் பள்ளி யோகா தொடங்கியபோது பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். 2013இல் நீதிமன்றமும் 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், அங்கே நடப்பது மதம் கலக்காத உடற்பயிற்சிதான் என்று தீர்ப்புச் சொன்னன. அலபாமா மாநிலத்தில் 1993 முதல் பள்ளிகளில் யோகாவுக்கே தடை, 2021இல்தான் நீக்கினார்கள், அதுவும் "நமஸ்தே" சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. இங்கே யோகாவைப் பள்ளியில் கட்டாயமாக்கக் கோரிய மனுவை 2017இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எனக்கு இதில் வழிகாட்டுவது 2001இல் இத்தாலியில் 23 பேரிடம் நடந்த ஒரு சின்ன ஆய்வு: ஜெபமாலை சொன்னாலும் சரி, திபெத்திய மந்திரம் சொன்னாலும் சரி, மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு வந்தது. நரம்புக்கு மதம் தெரியவில்லை. அதனால் பள்ளியில் வெறும் மூச்சும் உடம்பும் போதும், மந்திரத்தை அவரவர் வீட்டுக்கு விட்டுவிடலாம், எந்தப் பிள்ளையும் ஒதுங்கி நிற்க வேண்டி வராது.

சேர்த்துவிடட்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பள்ளிக்குப் போய் நான்கு விஷயம் கேட்டுவிட்டு வாருங்கள் என்பதுதான். வேண்டாம் என்கிற பிள்ளையை என்ன செய்வார்கள்? யார் நடத்துகிறார், அவர் தானாகத் தினமும் செய்கிறவரா? இதற்கான நேரத்தை எந்தப் பீரியடிலிருந்து எடுத்தார்கள்? ஒரு பிள்ளை அழுதால் அடுத்து யாரிடம் அனுப்புவார்கள்? பதில் திருப்தியாக இருந்தால், பையனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேருங்கள்.

நண்பர் வேலை பார்க்கும் அதே பள்ளியில் தமிழ் நடத்தும் டீச்சர் ஒருவர், யாரும் சொல்லாமல் தானாகவே ஒன்று செய்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பீரியட், ஏழாம் வகுப்பு, பாதி தூக்கம் பாதி சத்தம். உள்ளே வந்ததும் புத்தகத்தைத் திறக்கச் சொல்ல மாட்டார். "ஒரு நிமிஷம். என்னென்ன சத்தம் கேக்குதுன்னு எண்ணுங்க. கண்ண மூடணும்னு இல்ல. எண்ணப் பிடிக்கலன்னா சும்மா சாஞ்சு உக்காருங்க." அன்றைக்கு நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். மெயின் ரோட்டில் லாரி ஹாரன், வேப்பமரத்தில் காகம், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு, சத்துணவுக் கூடத்தில் அண்டா கழுவும் சத்தம், மின்விசிறியின் கிரீச். எனக்கு ஐந்துதான் கிடைத்தது. நிமிஷம் முடிந்ததும் ஆளாளுக்குக் கை தூக்கினார்கள், ஏழு, எட்டு, ஆறு என்று. ஜன்னலோரம் இருந்த பெண் மட்டும் கடைசியாக, மெதுவாகச் சொன்னாள், "பதினொண்ணு டீச்சர். பின்னாடி ஒருத்தங்க மூச்சு விடற சத்தமும் கேட்டுச்சு."